மூன்று நாள் முற்றுகை!

(தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



"குடத்துத் தண்ணீரைப் பற்றியும் கூடத்து அவலைப் பற்றியும் பேசுவதற்கு ஒரு கூட்டமா? கொள்கை முழக்கம் கேட்க வந்தவர்களிடம் குடித்தனக் கணக்கா?" என்று கேட்பர் சிலர். கேட்கட்டும், கேள்வி எழுவது நல்லதே! அவர்கட்கு நான் தரும் விடை இதுதான்: தாகத்தால் துவளும் பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, தெருவையே வெறித்துப் பார்த்திருக்கும் தாயிடம் சென்று தத்துவம் பேச எவர்க்கும் நா எழாது, எழவும் கூடாது. அந்தத் தாயின் குடம் நிறைந்திருக்க வழி சொல்வதும் அரசியல்தான். சொல்லப்போனால், அரசியல் பிறந்ததே அதற்காகத்தான்!

முற்றுகை என்ற சொல்லை நாம் ஏடுகளிலே படித்திருக்கிறோம். பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டனர். யானை சூழ்ந்தது, குதிரை சூழ்ந்தது, வேலும் வில்லும் சூழ்ந்தன. உள்ளே இருந்தவன் பாரி. அவனுக்குத் துணை நின்ற கபிலர் வேந்தரைப் பார்த்து என்ன சொன்னார்? படை எண்ணிக்கையைச் சொல்லி அச்சுறுத்தினாரா? இல்லை. "உழவர் உழாமலேயே எம் மலையிலே நான்கு விளையும், மூங்கில் நெல் உண்டு, பலா உண்டு, வள்ளிக்கிழங்கு உண்டு, தேன் உண்டு" என்று உணவுக் கணக்கைச் சொன்னார்! புறநானூறு கூறும் செய்தி அது. பறம்பின் குருவிகள் பறந்து சென்று நெற்கதிர் கொண்டுவந்தன என்று அகநானூறு கூறுகிறது. பாரி வஞ்சனையால் வீழ்ந்தான் என்பது வழிவழி வரும் கதை. பசியால் வீழ்ந்தான் என்று எவரும் பாடவில்லை.

வள்ளுவப் பெருந்தகை 'அரண்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். உயரமும் அகலமும் உறுதியும் மட்டும் இருந்தால் அது கோட்டையாகிவிடாது. உள்ளே இருப்போர் உண்ண உணவு நிறைந்திருக்க வேண்டும் என்பது அவர் விதித்த இலக்கணம். மதில் எவ்வளவு உயர்ந்தால் என்ன, மடைப்பள்ளி வெறுமையானால் கதவு தானாகத் திறக்கும்!

இன்றைய முற்றுகைக்கு யானை வேண்டுவதில்லை, தோழர்களே! வங்கக் கடலிலே ஒரு சுழல் தோன்றினால் போதும்.

கண்ட காட்சிகள்

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரு நாளுக்குள் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கியது. இரவோடு இரவாக வீதி ஆறானது, வீடு தீவானது. வானூர்தி நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. கோடி ரூபாய் விலை கொடுத்து மாடி வீடு வாங்கியவர், மொட்டை மாடியிலே நின்று ஒரு புட்டித் தண்ணீருக்காக வானத்தை நோக்கிக் கையசைத்தார். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை!

2018 நவம்பர் 16. கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை ஏறிற்று. தென்னை சாய்ந்ததைக் கண்டு நாடே அழுதது. சாய்ந்தது தென்னை மட்டுமா? ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெள்ளம் வடியச் சில நாட்கள் போதும். கம்பம் நட வாரக்கணக்காயிற்று. மின்சாரம் இல்லை, ஆகவே மோட்டார் இல்லை. மோட்டார் இல்லை, ஆகவே மேல்நிலைத் தொட்டியிலே நீர் இல்லை. நிலத்தடியிலே நீர் இருந்தது. எடுத்துத் தரத்தான் எவருமில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்து, ஊர்கூடிப் பணம் போட்டு, தொட்டியை நிரப்பினர் சிற்றூர் மக்கள்.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல் சென்னையைத் தொடாமலே துன்புறுத்திற்று. கரை கடந்தது ஆந்திரத்திலே. கண்ணீர் வடித்தது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும். குழந்தைக்குப் பால் தேடி இடுப்பளவு நீரிலே நடந்தனர் தந்தையர். இரண்டு வாரம் கழியவில்லை. அதே மாதம் 17, 18-இல் தென் மாவட்டங்களின் முறை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! ஓராண்டு முழுவதும் பெய்யவேண்டிய மழையை ஒரு நாளிலே கொட்டிவிட்டுப் போயிற்று வானம்.

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து ஓய்ந்தது என்று மக்கள் கண்ணயர்ந்த வேளை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையிலே வந்தது. விழுப்புரமும் கடலூரும் விடியலிலே வெள்ளத்தைத்தான் கண்டன.

அதே நாட்டிலே, 2019-இல் வேறொரு காட்சியும் கண்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வெடித்துக் கிடந்தன. ஜூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகளிலே 25 இலட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு இரயில் வந்தது. மூழ்கிய நகரமும் அதுதான், காய்ந்த நகரமும் அதுதான். இடையிலே கழிந்தவை நான்கே ஆண்டுகள். மிகுந்தாலும் நமக்குத் தாகம், குறைந்தாலும் நமக்குத் தாகம் என்றால், வானத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

யார் கடமை?

இங்கே எழும் ஒரு கேள்வியை நான் மதிக்கிறேன். "ஏரியைத் தூர்த்தவர் யார்? சதுப்பு நிலத்திலே கட்டடம் எழ அனுமதி தந்தவர் யார்? வடிகாலை வாயடைத்தவர் யார்? இவற்றையெல்லாம் கேட்காமல், 'அவல் வாங்கி வை, குடத்தை நிரப்பி வை' என்று ஏழையிடம் சொல்வது அரசின் கடமையை மக்கள் தலையிலே கட்டுவதாகாதா?" என்கின்றனர்.

நியாயமான கேள்வி. நேரடியாகவே விடை சொல்கிறேன். நான் சொல்வது கேள்வியை நிறுத்த அல்ல. கேட்பதற்கு உயிரோடு இருக்க! பல்லாயிரம் ஏக்கர் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிச் சிறுத்ததற்குக் கணக்குக் கேட்டே தீரவேண்டும். கேட்போம், வீதியிலே கேட்போம், மன்றத்திலே கேட்போம். ஆனால் நள்ளிரவிலே வெள்ளம் வாசற்படி ஏறும்போது, அந்தக் கணக்கு நம் குழந்தையின் தொண்டையை நனைக்காது.

எந்த அரசாயினும், அது எவ்வளவு நல்லதாயினும் ஆற்றல் மிக்கதாயினும், முதல் மூன்று நாட்களிலே எல்லா வாசலுக்கும் வந்து சேர இயலாது. மனமில்லாமையால் அல்ல, வழியில்லாமையால். பாலம் உடைந்திருக்கும், படகு குறைவாயிருக்கும், தொலைபேசிக் கோபுரம் செயலற்றிருக்கும். எவர் எங்கே தவிக்கிறார் என்பதே தெரியாது.

2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலே நின்றது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துச் சென்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். பேரிடர் மீட்புப் படை புறப்பட்டது, ஹெலிகாப்டர் புறப்பட்டது. எனினும் கடைசிப் பயணி மீட்கப்பட்டது 19-ஆம் நாள்தான். அதுவரை அவர்கள் உண்டது என்ன? அருகிலுள்ள புதுக்குடி ஊர் மக்கள் சமைத்துத் தந்த சோறு! தம் ஊரும் வெள்ளத்திலே தத்தளிக்க, முன்பின் அறியாதவர்கட்கு உலை வைத்தனர் அந்த மக்கள். எப்படி முடிந்தது? மனம் இருந்தது, உண்மை. மனம் மட்டும் இருந்தால் உலை கொதிக்குமா? வீட்டிலே அரிசி இருந்தது, தோழர்களே! இருந்ததால்தானே ஈந்தனர்!

1995-இல் ஜப்பான் நாட்டின் கோபே நகரிலே நிலம் நடுங்கிற்று. இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டோரில் பெரும்பாலோரை மீட்டவர்கள் படைவீரர் அல்லர், தீயணைப்போர் அல்லர். குடும்பத்தினரும் அடுத்த வீட்டாருமே. வல்லமை மிக்க வளநாட்டிலேயே முதல் நாளின் காவலன் அண்டை வீட்டான்தான் என்றால், நம் நாட்டுக்கு வேறு விதியா?

பிறநாட்டுப் பாடம்

1970-இல் வங்கக் கடலின் வடமுனையிலே ஒரு புயல். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலே மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார். பிறகு பிறந்தது வங்கதேசம். வறுமையைத் தவிர வேறு சீதனம் இல்லாத அந்த இளநாடு என்ன செய்தது? ஊர்தோறும் தொண்டர்களைத் திரட்டிற்று. எச்சரிக்கைக் கொடி ஏற்றவும், ஒலிபெருக்கியிலே கூவவும், முதியோரைத் தூக்கிச் செல்லவும் பயிற்சி தந்தது. புயல் காப்பகங்களைக் கட்டிற்று. 2007-இல் சிதர் என்னும் கடும்புயல் அடித்தபோது இறந்தோர் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு பேர். அதுவும் பெருந்துயரே, எனினும் இலட்சங்கள் ஆயிரங்களாயின. அந்நாட்டு மக்கள் இடர்க்காலத்துக்கென எடுத்து வைப்பது என்ன தெரியுமா? அவலும் வெல்லமும்! நம் பாட்டி பானையிலே வைத்திருந்த அதே அவல், அதே வெல்லம்.

சுவீடன் நாட்டு அரசு, நெருக்கடி வந்தால் வீட்டில் எவற்றை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு சிறு நூல் அச்சிட்டு, 2018-இல் வீடுதோறும் அனுப்பிற்று; 2024-இல் மீண்டும் அனுப்பிற்று. ஜெர்மனி நாட்டரசு பத்து நாளுக்கான உணவை வீட்டிலே வைத்திருக்குமாறு குடிமக்கட்குக் கூறுகிறது. செல்வம் கொழிக்கும் நாடுகள் இவை. செல்வம் இருந்தும் சேமிக்கச் சொல்கின்றன. நாமோ, 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோம்.

ஒரு சிறு காட்சி

நாடகம் எழுதுபவனை மேடையேற்றினால் காட்சி ஒன்றேனும் வராமற் போகுமா? இதோ, ஒரு வீடு. வானொலி புயல் செய்தி சொல்லி ஓய்ந்திருக்கிறது. மனைவி குடம் குடமாக நிரப்புகிறாள்.

"என்ன, வீட்டில் கல்யாணமா?" என்கிறான் கணவன்.

"புயல் வருகிறதாம். கேட்டீர்கள் அல்லவா?"

"போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், வரவில்லையே!"

"வராவிட்டால் இந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். வந்துவிட்டால் எதைக் குடிப்பது?"

அவ்வளவுதான் காட்சி. ஆயிரம் நூல் கற்றவரும் மறுக்கவொண்ணாத வாதம் அது! வராத புயலுக்காக நிரப்பிய குடத்தால் இழப்பு ஒன்றுமில்லை. வந்த புயலுக்கு நிரப்பாத குடத்தால் இழப்புக்கு எல்லையில்லை. ஆனால், அக்காட்சியிலே எனக்கு ஒரு குறை உண்டு. குடம் சுமந்தது அவள். கேலி பேசியது அவன். தண்ணீர்ச் சுமையைப் பெண்ணின் இடுப்புக்கே எழுதி வைத்த வழக்கத்தை மாற்றப் புறப்பட்ட இயக்கத்தவர் நாம். ஆண்மக்காள், இன்று வீடு திரும்பியதும் ஒரு குடத்தை நீங்கள் தூக்குங்கள்! சமத்துவம் அங்கிருந்து தொடங்கட்டும்.

கணக்கைக் கேளுங்கள்

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் குறைந்தது 4 லிட்டர். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 20 லிட்டர். மூன்று நாளைக்கு 60 லிட்டர். நாம் புழங்கும் பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும். ஆக, நான்கு குடம்! நான்கே நான்கு குடத்தில் அடங்கிவிடுகிறது, தோழர்களே, ஒரு குடும்பத்தின் உயிர். குளிக்க, துலக்க, கழிப்பறைக்கு வேண்டிய நீரை வாளியிலும் டிரம்மிலும் தனியே பிடித்து வைக்கலாம். மாடித் தொட்டி உள்ளவர்கள் மின்சாரம் போவதற்கு முன்னரே மோட்டாரை ஓட்டி நிரப்பிவிட வேண்டும். போனபின் ஓடுவது மனம் மட்டுமே.

நிரப்பினால் போதுமா? போதாது. குடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, மூடியிட்டு வையுங்கள். கையை உள்ளே விடாமல், பிடியுள்ள அகப்பையால் முகந்து எடுங்கள். வெள்ளம் எட்டாத உயரத்திலே, வெயில் படாத இடத்திலே, மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் இல்லாத மூலையிலே வையுங்கள். மூடாத நீரிலே டெங்குக் கொசு முட்டையிடும். அம்முட்டை நீரிலே மிதப்பதில்லை, பாத்திரத்தின் உட்புறத்திலே ஒட்டிக்கொள்ளும். நீரைக் கொட்டினாலும் காய்ந்து காத்திருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை நீரை மாற்றி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தாகத்துக்குத் தப்பிக் காய்ச்சலிலே விழுந்தோம் என்றால் அது சேமிப்பாகாது.

வெள்ள நீர் புகுந்த தரைமட்டத் தொட்டியை நம்பாதீர். சாக்கடையும் அதிலே கலந்திருக்கும். கலங்கல் நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்திலே இழைத்தனர் நம் முன்னோர். அறிவுடைய செயலே! ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி இருக்கும். வடிகட்டித் தெளியவைத்தபின், தளதளவெனக் கொதி வந்து ஒரு நிமிடமேனும் கொதிக்கவிடுங்கள். அடுப்புக்கு வழியில்லையேல், குளோரின் மாத்திரையை உறையிலே குறித்த அளவுப்படி இட்டு, அரைமணி நேரம் பொறுத்துப் பருகுங்கள்.

அடுத்தது உணவு. அடுப்பு எரியும் என்று எண்ணி உணவு சேர்ப்பவன் பாதி வழியைத்தான் கடந்தவன். அடுப்பு எரியாவிட்டாலும் உண்ணக்கூடியது எது? அவல் 3 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, வெல்லமோ கருப்பட்டியோ 1 கிலோ. இவை இருந்தால், ஐவர் கொண்ட வீடு மூன்று நாள் தெம்போடு நிற்கும். நீரிலே நனைத்தால் அவல் உணவாகும், தீ வேண்டாம்! அதனுடன் சத்துமாவு, பொரி, பருப்புப் பொடி, ஊறுகாய், வேர்க்கடலை. கோடையிலே காயவைத்த வற்றலும் வடகமும் கார்த்திகைக்குக் கைகொடுக்கும். குதிரும் பத்தாயமும் வைத்து வாழ்ந்த இனம் நாம். பருப்பிலே வசம்பும் வேப்பிலையும் இட்டுப் பூச்சி தடுத்த இனம் நாம். புதிதாகக் கற்கவேண்டியது குறைவு; மறந்ததை நினைவுகூர்ந்தாலே போதும்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே தலைசிறந்த சேமிப்பு. அதற்குக் கொதிநீர் வேண்டாம், புட்டி வேண்டாம். ஆனால் தாய் உண்ணவும் பருகவும் வேண்டும்; அவள் பங்கு முதல் பங்காகட்டும். வயிற்றுப்போக்கு வந்தால், தூய நீர் ஒரு லிட்டரிலே மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறுகச் சிறுகப் புகட்டுங்கள். பல உயிரைக் காத்த எளிய மருந்து அது. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து உண்போர் ஒரு வாரத்துக்குரிய மாத்திரையைக் கையிருப்பிலே வைத்துக்கொள்க. குளிர்பெட்டி நின்றுபோனால், இன்சுலின் மருந்தை நீர் புகாத உறையிலிட்டு, ஈரமணல் சூழ்ந்த மண்பானையிலே வைக்கலாம். இடர் தீர்ந்ததும் மருத்துவரிடம் காட்டித் தெளிவு பெறுக.

இவற்றோடு டார்ச் விளக்கு, அதற்குரிய பேட்டரி, பேட்டரியில் ஓடும் சிறு வானொலி, நனையாமல் மூடிய தீப்பெட்டி, ஒரு விசில், கொஞ்சம் ரொக்கப் பணம். மின்சாரம் போனால் ஏ.டி.எம். பொறி இரும்புப் பெட்டிதான். குடும்ப அட்டை, ஆதார், நிலப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு எடுத்துச் செல்லும்படி வையுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்! மூடிய அறைக்குள் ஜெனரேட்டரையோ கரியடுப்பையோ எரிக்காதீர். அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. வெள்ளத்துக்குத் தப்பியோர் உறக்கத்திலேயே மாண்ட கொடுமை உலகெங்கும் நிகழ்ந்திருக்கிறது.

ஈதன்றி இன்னொன்று. 'வெளியேறுங்கள்' என்று அறிவிப்பு வந்தால், சேர்த்து வைத்த பொருளைக் காவல் காத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர். பொருள் உயிருக்காக, உயிர் பொருளுக்காக அன்று. தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு புறப்படுக.

இல்லாதவன் எதைச் சேர்ப்பான்?

இதுவரை நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தோழரின் முகத்திலே ஒரு வாட்டம் தெரிகிறது. அதன் பொருள் எனக்குப் புரிகிறது. "நாலு குடம் என்கிறாய்; என் குடிசையிலே நாலு பேர் படுக்கவே இடமில்லை. மூன்று நாள் உணவு என்கிறாய். மூன்று வேளைக்கே வழியில்லை." இதுதான் இந்தப் பேச்சின் உயிரான இடம்.

உண்டு கொழுத்தவன் வீட்டிலே அறை நிறையப் பண்டம். உழைத்துக் களைத்தவன் வீட்டிலே அடுப்படியிலே பூனை. இந்நிலையிலே, 'அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்க' என்று சொல்லி முடித்துக்கொண்டால், அது வசதி படைத்தோரின் அறிவுரை; இயக்கத்தின் உரை ஆகாது. ஆகவே சொல்கிறேன்: இருப்பவன் வீட்டிலே சேமிப்பான், இல்லாதவனுக்காகத் தெரு சேமிக்க வேண்டும்!

எங்ஙனம்? பழைய வழியொன்று உண்டு: பிடியரிசி. உலை வைக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையிலே போட்டுவரும் வழக்கம். ஒரு பிடி என்பது ஏறத்தாழ 50 கிராம் என்று கொள்க; மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. நூறு வீடு உள்ள தெருவில் மாதத்துக்கு 150 கிலோ! எவர் உலையும் குறைந்ததாகத் தெரியாது; ஆனால் தெருவுக்கே ஒரு களஞ்சியம். தமிழ்நாட்டிலே 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையிலே அரிசி விலையின்றிக் கிடைக்கும் நிலை வந்தது. அந்த அரிசியை மழை மாதங்களிலே முன்கூட்டியே வழங்கக் கோருவதும், மேடான இடத்திலே அதை இருப்பு வைக்கச் செய்வதும் நம் கிளைகளின் கடமை. கோருக! எழுதிக் கோருக, ஏற்கும் வரை கோருக!

இங்கே ஓர் எச்சரிக்கை. சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. முன்கூட்டியே, சிறுகச் சிறுக, தன் தேவைக்கு மட்டும் எடுத்து வைப்பது சேமிப்பு. புயல் செய்தி வந்தபின் கடைக்கு ஓடி, பத்துப் பேருக்குரிய பாலையும் ரொட்டியையும் ஒருவரே அள்ளி வருவது பதுக்கலின் தம்பி! 1943-இல் வங்காளப் பஞ்சத்திலே முப்பது இலட்சம் பேர்வரை மாண்டனர் என்பது மதிப்பீடு. அன்று அரிசி அடியோடு இல்லாமற் போகவில்லை. விலை ஏறிற்று, வாங்கும் வகை ஏழைக்கு அற்றுப்போயிற்று என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் ஆராய்ந்து காட்டினார். பதுக்கியவன் பணம் கண்டான், பசித்தவன் பிணமானான். அமைதிக் காலத்திலே சேமிப்பவன் நெருக்கடிக் காலத்திலே கடை வாசலில் நிற்கமாட்டான். அவன் நிற்காத இடம் வரிசையிலே ஓர் ஏழைக்குக் கிடைக்கும். ஆம், தோழர்களே! முன்கூட்டிச் சேமிப்பது தன்னலம் அன்று. பிறர்க்கு விட்டுக்கொடுக்கும் பெருந்தன்மை.

தொண்டர்க்குச் சில சொல்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக ஐப்பசித் தொடக்கத்திலே வந்துவிடும். அதற்கு முன்னர், புரட்டாசி முடிவதற்குள், ஒவ்வொரு கிளையும் செய்து முடிக்கவேண்டிய பணிகளைச் சொல்லி அமைகிறேன்.

ஒன்று, தெருக்கணக்கு. வாக்காளர் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆற்றல் நம் தோழர்கட்கு உண்டு; எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று உறக்கத்திலும் சொல்வர். அதே தெருவிலே எந்த வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறாள், எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், எவருக்கு டயாலிசிஸ் சிகிச்சை நடக்கிறது, எவர் தனியே வாழ்கிறார் என்று சொல்ல முடியுமா? முடியவேண்டும்! வாக்குக் கேட்கச் சென்ற கால்கள் வாழ்வைக் கேட்கவும் செல்லட்டும்.

இரண்டு, தெருக்களஞ்சியம். மாடியுள்ள ஒரு வீடு, அல்லது மேடான ஒரு மன்றம். அங்கே பிடியரிசி, அவல், குளோரின் மாத்திரை, கயிறு, விளக்கு, தார்ப்பாய், பெரிய அண்டா ஒன்று. சாவி இருவரிடம் இருக்கட்டும். கணக்கு எல்லார் கண்ணிலும் படட்டும். கட்சி எது என்று கேட்டு அளக்கும் களஞ்சியமாக அது ஆகிவிடக் கூடாது. மாற்றுக் கட்சியினரின் குழந்தைக்கும் நம் குழந்தைக்கும் தாகம் ஒன்றே!

மூன்று, நீர்நிலை. தெருவிலே பழுதாகிக் கிடக்கும் கைப்பம்பைச் சீர்செய்ய வையுங்கள். மின்சாரம் இல்லாத நாளிலே அதுவே நமக்கு அமுதசுரபி. ஏரிக்கும் வடிகாலுக்கும் மேல் எழும் ஆக்கிரமிப்பைப் படம் பிடித்து, நாள் குறித்து, எழுத்திலே முறையிடுங்கள். குடம் நிரப்புவது மூன்று நாளைக்கு. ஏரியைக் காப்பது முந்நூறு ஆண்டுக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறக்கவைக்க எவரையும் விடாதீர்.

நான்கு, படகு. 2015-இல் சென்னையிலும் 2018-இல் கேரளத்திலும் மீனவத் தோழர்கள் தம் படகுகளை எடுத்துக்கொண்டு, எவர் அழைப்புக்கும் காத்திராமல் வந்தனர். அந்தக் குப்பங்களோடு இன்றே உறவு கொள்க. வெள்ளத்திலே மட்டும் மீனவனைத் தேடுவோர் அவனிடம் படகு கேட்கும் தகுதியை இழந்தவர்.

தோழர்களே! முற்றுகை மீண்டும் வரும். எந்த நாளில் என்று எவரும் சொல்ல இயலாது. எந்த மாதங்களில் என்று சிறு பிள்ளையும் சொல்லும். அந்நாளிலே நம் தெருவிலே ஒரு முதியவர், "தண்ணீர்" என்று குரல் கொடுப்பார். இருளாயிருக்கும், மழை இரைந்துகொண்டிருக்கும். அந்தக் குரலுக்கு விடையாக அடுத்த வீட்டுக் கதவு திறக்க வேண்டும்; ஒரு செம்பு நீண்டு வரவேண்டும். அதற்காக அரசின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை, தலைமையின் சுற்றறிக்கைக்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. இன்று இரவு ஒரு குடம், நாளை காலை ஒரு பிடி அரிசி. தொடங்குங்கள்!